ஒரு முட்டை கடன்

காலையில் எண்ணி வைத்தது அறுபத்து மூன்று.
அதில் ஒன்றைக் கேட்டார் லூர்து டீச்சர்,
சோதனைக்கு வேண்டுமாம், மணியடிப்பதற்குள் திரும்பிவிடுமாம்.
என் சத்துணவுப் பதிவேட்டில்
உடைந்தது என்று ஒரு பத்தி உண்டு,
வரவில்லை என்று ஒன்று.
சோதனை என்று இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்:
கடன், 1.

சமையலறைக்கு எதிர்வாடைதான் ஐந்தாம் வகுப்பு.
பருப்பு வேகும் நேரம்
பாதிப் பாடம் எனக்கும் கேட்கும்.
இரண்டு கண்ணாடி டம்ளர்.
ஒன்றில் அடிபம்புத் தண்ணீர்,
இன்னொன்றில் அதே தண்ணீரோடு
என் உப்பு ஆறு கரண்டி. அதற்கும் கணக்கில்லை.
உப்பில் மிதக்கும், நல்ல தண்ணீரில் மூழ்கும்;
படமே போட்டிருக்கிறது புத்தகத்தில்,
அடியில் சாதுவாகப் படுத்திருக்கும் முட்டை.

உப்பில் மிதந்தது, சரி.
பம்புத் தண்ணீரிலும்
மொட்டைத் தலையைக் காட்டிக்கொண்டு
மிதந்தது.

எங்கள் ஊரில் இதற்கு விடை தயாராக இருந்தது.
"நம்ம பம்புத் தண்ணியே உப்புதானே டீச்சர்"
என்றான் கவிபாரதி.
போன சம்பா கருகியபோது
மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தவர்
அவன் அப்பா.
கடைமடை இது.
மேட்டூர் திறந்த சேதி முதலில் வரும்,
தண்ணீர் பிறகு வரும்,
சில வருடம் சேதியோடு சரி.
வகுப்பே தலையாட்டியது.
கரண்டியும் கையுமாக நானும் ஆட்டினேன்.
துக்கம் கலந்திருந்ததால்
உண்மை போலவே இருந்தது அந்த விடை.

ருக்சானா மட்டும் தூக்கிய கையை இறக்கவில்லை.
"அப்ப, உப்பே இல்லாத தண்ணியில போடுவோமே."

ராத்திரி மறந்துபோய்க்
கூரை விளிம்பில் நான் விட்டிருந்த அண்டாவில்
மழை நிறைந்து கிடந்தது.
ஆளுக்கொரு சொட்டு நக்கிப் பார்த்து
சத்தியம் செய்தார்கள், உப்பில்லை.

மிதந்தது.

தண்ணீரை விட்டுவிட்டு
முட்டையைப் பார்த்தார்கள் எல்லாரும்.
பிறகு மெதுவாக,
சன்னல் கம்பி வழியே என்னை.

அடுப்பை அணைத்தேன்.
மிச்சம் அறுபத்திரண்டும் அண்டாவில் இறங்கின,
ஒவ்வொன்றாக.
மூழ்குச்சு. மூழ்குச்சு. ஐயோ. மூழ்குச்சு.
கரும்பலகையில் தேன்முல்லை
நான்கு கோடு நிமிர்த்தி ஐந்தாவதைக் குறுக்கே போட்டாள்.
ஒன்று நட்டுக்குத்தலாக நின்றது,
மூழ்க மனமில்லாமல், மிதக்கத் துணிவில்லாமல்.
அது எந்தப் பக்கம் என்று
பத்து நிமிஷம் சண்டை.
"எனக்கும் தெரியல, அதுக்குத் தனியா ஒரு கட்டம் போடு"
என்றார் டீச்சர்.

மிதந்தவை ஒன்பது, கடனையும் சேர்த்து.
ஒதிய மரத்தடியில் ஒன்றை உடைத்துப் பார்த்தோம்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.
ஒரு காக்கை வந்தது, யோசித்தது, போய்விட்டது.

பன்னிரண்டு வருடமாக எண்ணுகிறேன்.
எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை.

அன்று வந்த பிள்ளைகள் ஐம்பத்தெட்டு,
தேறிய முட்டை ஐம்பத்து மூன்று.
கண்டுபிடித்த குற்றத்துக்கு
ஐந்தாம் வகுப்பு பத்துப் பேருக்கும் ஆளுக்குப் பாதி,
நூல் போட்டு அறுத்தது.
யாரும் முனகவில்லை,
மஞ்சள் எந்தப் பாதியில் அதிகம் என்பதைத் தவிர.

"ஆனா பம்புத் தண்ணி உப்புதானே?"
கை கழுவும்போது மறுபடி கேட்டான் கவிபாரதி.
அதற்காக இரண்டு தட்டு
மூன்று நாள் மாடியில் காய்ந்தது.
மழைத்தட்டில் ஒன்றுமில்லை.
பம்புத்தட்டில் வெள்ளையாய் ஒரு வளையம்.
விரலால் தொட்டு, ருசி பார்க்காமல்,
சட்டையில் துடைத்துக்கொண்டான்.

மறுவாரம் முட்டை வண்டி வந்தபோது
வாசலில் அண்டா தளும்பிக்கொண்டிருந்தது.
"என்னக்கா, குளிக்கப் போறீங்களா?"
என்று சிரித்தான் வண்டிப் பையன்.
அவனுக்குப் பின்னால் ருக்சானா
சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.